விட்டுப்போன வரி

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று வாய் ஆரம்பிக்கும்போதே அக்காவின் வலது கை தானாக மேலே எழுந்துவிடும். இடது கை மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, வலது கை ஒருமுறை முழுதாக விரிந்து மூடி, மறுபடி இரண்டு விரலை மட்டும் நீட்டும். ஏழாவது நடைமேடை. பிறகு உள்ளங்கை கிடையாக முன்னால் ஓடும். புறப்படத் தயார். ஒலிபெருக்கியில் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்கிற செய்தி, கண்ணாடி அறைக்குள் இப்படி ஒருமுறை கையாலும் சொல்லப்பட்டுவிடும்.

விவரம் தெரியாதவர்கள் ஈ விரட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். புதிதாக வந்த நிலைய மேலாளர் ஒருவர் ஒரு வாரம் வெளியே நின்று பார்த்துவிட்டு, மிகுந்த கூச்சத்தோடு நரம்பு மருத்துவர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். அக்கா மறுக்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "பாவம், அக்கறையாத்தானே குடுக்கறார். வேண்டாம்னா முகம் சுண்டிப்போகும்."

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கண்ணாடி அறைதான். நாற்காலி, மைக், நேரப் பலகை, வெந்நீர்க் குடுவை. அரைமணிக்கு ஒரு மிடறு வெந்நீர். பச்சைத் தண்ணீர் தொண்டைக்கு ஆகாது. ஓட்டுநர், நடத்துநர், பெருக்குகிறவர், ஓய்வு பெறப்போகிற கண்காணிப்பாளர் எல்லோருக்கும் அவர் 'மைக் அக்கா'தான். கண்காணிப்பாளருக்கு அவரைவிடப் பத்து வயது கூட என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி தாமதமென்றால் எவ்வளவு தாமதம் என்று சொல்லிவிட வேண்டும். "'இன்னும் சிறிது நேரத்தில்'னு மழுப்பினா ஜனம் கால் கடுக்க நின்னுட்டே இருக்கும். முக்கால் மணி நேரம்னு பட்டுனு சொல்லிட்டா, திட்டிக்கிட்டே போய் ஒரு வாய் காபி குடிச்சுட்டு வரும்."

கை பேசுவது அண்ணனால் வந்தது. அக்காவுக்கு மூன்று வயது மூத்தவர். பிறந்ததிலிருந்தே காது கேளாது. அக்காவுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கை வந்துவிட்டது. பசிக்கு வயிற்றைத் தட்டியதும், தூக்கச் சொல்லி இரு கைகளையும் நீட்டியதும் போக, மழை, பூனை, கோபம், நாளை, எனக்கும் வேண்டும் என்று எல்லாவற்றையும் அண்ணனிடமிருந்து விரலில் கற்றவர். "எனக்குத் தாய்மொழி ரெண்டு. ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு அண்ணன் குடுத்தது." பணிமனையில் எழுத்தராக இருக்கும் அவருடைய கணவருக்கு இதில் ஒரு நிரந்தரக் குறை. பகலெல்லாம் வாய், மாலையெல்லாம் கை, நடுவில் தான் ஒரு வார்த்தை பேச இடமே கிடைப்பதில்லை என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஆலயத்தில் நிற்பார். பிரசங்க மேடைக்கு இடப்பக்கம், ஒரு படி கீழே. உடுத்துவது பூ வேலைப்பாடு எதுவும் இல்லாத அடர்நீலம். அப்போதுதான் கை தெளிவாகத் தெரியும். வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவார். எதிரே இடப்பக்கத்தின் முதல் இரண்டு பெஞ்சுகளில் பதினொரு பேர், எல்லோரும் காது கேளாதவர்கள். போதகர் வாயால் சொல்வதை அக்கா அவர்களுக்குக் கையால் சொல்ல வேண்டும். அந்தப் பெஞ்சுகளில் அவர் மைக் அக்கா இல்லை. மைக்கினால் அவர்களுக்கு ஆகப்போவது என்ன? மோவாயில் மச்சம் இருக்கிற இடத்தை இரண்டு முறை தட்டினால் அது அக்காவின் பெயர். அண்ணனுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு: இரண்டு விரல்களை வட்டமாக்கிக் கண்ணில் வைத்தால் அவர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறவர்.

வேதத்தைக் கையில் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆரம்பத்தில் 'பரிசுத்தம்' என்பதற்கு அக்கா இடது உள்ளங்கையை வலது கையால் வட்டமாகத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். சில வாரம் பொறுத்துப் பார்த்த ஓர் அம்மாள், பெரிய உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவர், ஆராதனை முடிந்ததும் வந்து பிடித்துக்கொண்டார். 'பரிசுத்தர், பரிசுத்தர்' என்று ஓயாமல் பாடுகிற தேவதூதர்கள் பரலோகத்திலும் இராப்பகலாகத் தட்டுதான் கழுவிக்கொண்டிருக்கிறார்களா, அப்படியானால் தான் அங்கே வரவில்லை என்றார். அன்றே அந்தச் சைகை மாறியது.

'மகிமை'க்கு இரண்டு மாதம் பிடித்தது. கதிர் விரிவதுபோல் காட்டலாம் என்றார் ஒருவர். அது காலை நேரம் என்று மற்றவர் மறுத்தார். கிரீடம் வைத்துப் பார்த்தார்கள், அது ராஜா. கடைசியில் அண்ணன் எழுந்து நின்று, நண்பகலில் கடையின் இரும்புக் கதவை ஏற்றியதும் வெளிச்சம் முகத்தில் அறையும்போது மனிதர் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். கை நெற்றிக்குப் போயிற்று, தலை லேசாகக் குனிந்தது, ஆனாலும் விரலிடுக்கு வழியாகக் கண் பார்த்தது. பதினொரு பேரும் அதையே வைத்துக்கொண்டார்கள். 'ஆளுகை' அவ்வளவு சிரமமாக இல்லை. எல்லாவற்றையும் வளைத்து ஒரு பெரிய வட்டம். பிறகு அந்த வட்டம் முழுதும் ஒரு கைக்குள் அடங்கி மூடும்.

எளிதாகக் காட்டிவிடலாம். ஆனால் அந்தச் சைகையைக் காட்டும் ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு அம்மாவின் நினைவு வரும்.

அம்மா நல்ல விசுவாசி. மகனுக்குக் காது திறக்க வேண்டும் என்று போகாத ஜெபக்கூட்டம் இல்லை. சின்ன வயதில் அண்ணனின் காதுமடலில் ஜெபித்துப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்ததே இல்லை என்பார் அக்கா. ஜெபித்து முடித்ததும் ஒருவர் பின்னால் போய்க் கை தட்டுவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அண்ணன் எதிரே இருக்கிற எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவின் முகம் விழுந்துபோகும்.

அக்காவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அப்படி ஒரு கூட்டத்தில் அண்ணனுக்கு எதிரே நிற்க நேர்ந்தது. அம்மா அன்று காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தார். பின்னால் போனவர் தட்டுவதற்குக் கையைத் தூக்கியதைப் பார்த்ததும், அக்கா இடுப்போடு ஒட்டிய விரலால் அண்ணனுக்குச் சின்னதாகக் காட்டினார்: திரும்பு. அண்ணன் திரும்பினார். கூட்டம் எழுந்து நின்று துதித்தது. அம்மா மயங்கியே விழுந்துவிட்டார்.

மூன்று நாள் அம்மா தெருத்தெருவாகச் சாட்சி சொன்னார். நாலாம் நாள் காலை, செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்த மகனைப் பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டார். நாலாவது முறை கூப்பிடவில்லை. வந்த அற்புதம் போய்விட்டதென்றால் வீட்டில் யாரோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று அம்மா முடிவு கட்டினார். அன்று தொடங்கிய தேடல் அவர் சாகும்வரை ஓயவில்லை. அப்பாவின் பழைய குடியா, தாத்தா யாருக்கோ சொன்ன பொய்ச் சாட்சியா, கர்ப்பமாக இருந்தபோது தான் மாமியாரைச் சபித்ததா. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் காட்டிக் கொடுத்த மகள் மட்டும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. அக்கா வாய் திறந்து சொல்லவும் இல்லை.

இதெல்லாம் முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது நடந்தது இரண்டாவது பெஞ்சில் இருக்கிற இளம்பெண்ணிலிருந்து தொடங்குகிறது. தையற்கூடத்தில் பொத்தான் தைக்கிறவள். அவளுக்கும் காது கேளாது, புருஷனுக்குக் கேட்கும். எட்டு மாதக் கைக்குழந்தை. குழந்தைக்குச் செவிப் பரிசோதனை செய்யப் போனபோது மருத்துவர் சொல்வதைக் கையால் சொல்வதற்காக அக்காவும் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். குழந்தைக்கும் கேட்கவில்லை. அதை அவளுக்குச் சொன்னது அக்காவின் கைதான். அந்தப் பெண் அக்காவின் விரல்களைப் பார்த்த பார்வையை அக்கா யாரிடமும் விவரித்ததில்லை. ஒரே ஒரு முறை கணவரிடம், "நான்தான் ஏதோ பண்ணின மாதிரி இருந்துச்சு" என்றார்.

அது ஒரு வியாழக்கிழமை. மூன்றாம் நாள் ஞாயிறு.

அன்றைய பிரசங்கம் கடவுளின் ஆளுகையைப் பற்றியது. அவர் கைக்குத் தப்பி நடந்த காரியம் என்று உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்று போதகர் விளக்கிக்கொண்டு வந்தார். பிறகு வேதப் பகுதியை வாசித்தார். நாக்கு புரளாத ஆட்டிடையர் ஒருவரைக் கடவுள் பெரிய வேலை ஒன்றுக்கு அழைக்கிறார். அவரோ, எனக்குப் பேச்சு வராது, வேறு ஆளைப் பாரும் என்று நழுவப் பார்க்கிறார். அதற்குக் கடவுள் திருப்பிக் கேட்கிறார்: மனிதனுக்கு வாயைப் படைத்தவர் யார்? பேச முடியாதவனையும், காது கேளாதவனையும், பார்வை உள்ளவனையும், பார்வை இல்லாதவனையும் உண்டாக்கியவர் யார்? நான்தானே?

வேதத்தில் அது இவ்வளவு பதமாக இல்லை. காது கேளாதவர்களைத் தெருவில் கேலி செய்கிறவர்கள் கூப்பிடுகிற அதே பழைய சொல்தான் அங்கே இருக்கிறது. போதகரின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதை அக்காவின் காது கேட்டது. எதிரே குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பெஞ்சில் அண்ணன்.

அக்காவின் கை, வாயைப் படைத்தவர் யார் என்றது. கண்ணைப் படைத்தவர் யார் என்றது. நான்தானே என்று முடித்தது. நடுவில் இருந்ததைத் தாண்டிப் போய்விட்டது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வேகமாகப் பேசுகிறவருக்கு இரண்டு சொல் பின்தங்கி ஓடுகிற வேலையில் இது ஒரு இமைப்பொழுது. போதகருக்குத் தெரியாது, கேட்கிறவர்கள் யாருக்கும் தெரியாது.

அண்ணன் வேதத்தை மடியில் திறந்துவைத்து வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே வருகிறவர். அந்த விரல் நின்றது. அவர் தலை தூக்கி அக்காவைப் பார்த்தார். பிறகு வேதத்தை மூடினார்.

ஆராதனை முடிந்ததும் எப்போதும் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்பார்கள். அண்ணன் குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில். அன்று அவர் தனியாகப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வலப்பக்கத்தின் கடைசி பெஞ்சில், கேட்கிறவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். குனிந்த தலை நிமிரவில்லை, தானே வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. முதல் பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணில் வட்டம் வைத்து, எங்கே என்று கேட்டார்கள். அக்கா தோளைக் குலுக்கினார். வீட்டில் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அண்ணன் தலையை மட்டும் அசைப்பார். காது கேளாதவர் கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டால், அது மற்றவர்கள் நிறுத்துவது போலல்ல. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும், நீங்கள் ஊமையாகிவிடுவீர்கள்.

அக்கா விஷயத்தைத் தனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டார். மறைத்த வரியை அண்ணன் படித்துவிட்டார். படித்து மனம் உடைந்துவிட்டார். என்னை இப்படிப் படைத்துவிட்டு அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறாரே என்று கடவுள்மேல் கோபம். அந்தக் கோபத்தில் கொஞ்சம் தன்மேலும் தெறித்திருக்கிறது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு புதன்கிழமை போதகரைப் பார்க்கப் போனார். இந்த மாதிரி வரியையெல்லாம் சபையில் வாசித்தே ஆக வேண்டுமா என்று கேட்டார்.

போதகருக்கு அப்போதுதான் விவரம் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அந்த வரியை வைத்து நான் ஒருநாளும் பிரசங்கம் செய்ததில்லை, பயம்தான் காரணம், அன்றைக்குக்கூட வாசித்துவிட்டு வேகமாக அடுத்த வசனத்துக்கு ஓடிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அண்ணனுக்கு வருத்தம்னு சொல்றீங்களே, அவர்கிட்ட கேட்டீங்களா?"

ஊர் பேச்சையெல்லாம் அண்ணனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மறுநாள் மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனார். பின்னறை ஒரு ஆள் கை நீட்டிப் படுக்கிற அகலம்தான். லென்ஸ் தேய்க்கிற சக்கரம் நீரொழுகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கிறீச்சொலியில் கடையாட்கள் யாரும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். அண்ணனுக்கு அது ஒரு பொருட்டில்லை. விளிம்பு சரியாக வந்துவிட்டதா என்பதை அவர் விரல்நுனியின் அதிர்விலேயே கண்டுகொள்வார். அக்கா விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார். அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார்.

இனி அவர்கள் பேசியது முழுக்கக் கையால்தான்.

"அந்த வரி உனக்கு வலிக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அக்கா.

"எனக்கு வலிக்குமா வலிக்காதான்னு நீ எப்படி முடிவு பண்ணே?"

"அதுல இருக்கிற வார்த்தை..."

"அந்த வார்த்தையைத் தெருவுல தினமும் பாக்கறேன். அவனுங்க வாயைப் பாத்தே தெரியும். அவனுங்க சொல்றதுக்கும் அவர் சொல்றதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

அலமாரியிலிருந்து ஒரு பழைய வேதத்தை எடுத்தார். கடையில் வேலை இல்லாத நேரத்தில் படிப்பதற்காக வைத்திருப்பது. திறந்ததும் அந்தப் பக்கமே வந்தது. வரியின் கீழ் பென்சில் கோடு. கோட்டின்மேல் கோடு போட்டுத் தாள் கிட்டத்தட்டக் கிழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு தேதி. அண்ணனுக்கு இருபத்தோரு வயதில் எழுதியது.

"அம்மா யார் பண்ணின பாவம், யார் பண்ணின பாவம்னு தேடிக்கிட்டே செத்துப்போனா. நானும் தேடினேன். உனக்குத் தெரியாது. இதைப் படிச்ச அன்னைக்கு நிறுத்திட்டேன். நான் யாரோட தப்பும் இல்ல. அம்மா தப்பு இல்ல, அப்பா தப்பு இல்ல. நான் பண்ணினதுன்னு அவரே கையெழுத்துப் போட்டுட்டார். இவ்வளவு பெரிய புஸ்தகத்துல எங்களைப் பத்தி அவர் இப்படிச் சொல்றது இந்த இடத்துலதான். அதைப் போய் நீ எடுத்துட்டே."

அப்படியானால் கடவுள்மேல் கோபமே இல்லையா என்று அக்கா கேட்டார்.

அண்ணன் முகத்தில் முதல் தடவையாக லேசாகச் சிரிப்பு வந்தது. "இல்லாம என்ன? நிறைய இருக்கு. சில நாள் சண்டையே போடுவேன். சண்டை போடவாவது ஒரு ஆள் வேணும் இல்ல? ஏன் பண்ணினார்னு தெரியாது. யார் பண்ணினதுன்னு தெரியும். எனக்கு அது போதும். எல்லா நாளும் இல்ல. முக்கால்வாசி நாள்."

பிறகு அவர் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு சற்று நின்றார். திரும்பி, நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:

"அன்னைக்குத் திரும்புன்னு விரல் காட்டினே. அம்மா அழறான்னு. மூணு நாள் அவ சந்தோஷமா இருந்தா. அப்புறம் முப்பது வருஷம்? இரக்கப்பட்டு நீ பொய் சொல்றது இது ரெண்டாவது தடவை. அந்தப் பொண்ணுக்கும் சேத்துச் சொல்லியிருக்கே. இப்ப அவ வீட்டுல எல்லாரும் என்ன தேடிட்டு இருப்பாங்கன்னு யோசிச்சியா?"

அக்கா யோசித்திருக்கவில்லை. அன்று மாலை ஆறு மணி வரை வண்டிகளின் பெயரையும் மேடை எண்ணையும் ஒரு பிழையில்லாமல் அறிவித்தார். கை மட்டும் ஒரு தடவைகூட எழவில்லை. வெளியே வழக்கமாக அந்தக் கையைப் பார்த்து வண்டி ஏறுகிற காது கேளாத முதியவர் ஒருவர், கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் போதகரிடம் போய், எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும் என்றார். போதகர், அந்தப் பகுதியைத் தானே மறுபடி வாசிக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் பாஸ்டர். அந்தப் பக்கம் இருக்கிறவங்க எல்லாரும் அன்னைக்கே கேட்டுட்டாங்க. கேக்காதது இந்த ரெண்டு பெஞ்சுதான்."

முதல் பாட்டு முடிந்ததும் அக்கா தன் படியில் ஏறி நின்றார். போதகர் பேசவில்லை. ஆலயம் முழுக்க யாரோ பேசப்போகிறார்கள் என்று காத்திருந்தது. அக்காவின் கை மட்டும் பேசியது. போன மாதம் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். தெரியாமல் இல்லை, தெரிந்தே விட்டேன். உங்களால் தாங்க முடியாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது என் வேலை இல்லை. இப்போது சொல்கிறேன்.

பிறகு அந்த வரியைச் சொன்னார். சுருக்கவில்லை, பதமாக்கவும் இல்லை. பழைய சொல்லுக்குத் தெருவில் காட்டுகிற அதே சைகையையே காட்டினார். உண்டாக்கியவர் யார் என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார். கடவுளின் 'நான்' என்ற இடத்துக்கு வந்தபோது, தன் நெஞ்சைத் தொடக் கை கூசியது; ஆனாலும் தொட்டார்.

வலப்பக்கத்திலிருந்த இருநூறு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. காது கேட்கிறவர்கள் எல்லோரும் விஷயம் தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த ஆலயத்தில் அதுவே முதல் முறையாக இருக்க வேண்டும்.

முதல் பெஞ்சில் கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அக்கா திருப்பிச் சொன்னார். அவர் தன் நெஞ்சில் விரலை வைத்து, என்னையா என்று கேட்டார். ஆமாம், உங்களை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார். பாத்திரம் கழுவுகிற அம்மாள், "என்னைப் பண்ணினப்போ கொஞ்சம் அவசரத்துல இருந்திருப்பார்" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். இரண்டு பெஞ்சும் சத்தமில்லாமல் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வலப்பக்கக் கடைசி பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தார். நடுப்பாதையைக் கடந்து, எல்லோரும் பார்க்க, நிதானமாக நடந்து வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். வேதத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, சரி, மேலே போ என்பதுபோல் தங்கையைப் பார்த்தார்.

அப்போதுதான் இரண்டாவது பெஞ்சில் அந்த இளம்பெண் எழுந்தாள். குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

அக்காவால் பின்னால் ஓட முடியாது. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். நாற்பது நிமிடம் அக்காவின் கை அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கண் அடிக்கடி அந்தக் கதவுக்குப் போய் வந்தது. அண்ணன் அதைக் கவனித்தார். திரும்பிக் கதவைப் பார்க்கவில்லை.

கடைசி ஜெபம் முடிந்ததும் அக்கா வெளியே வந்தார். பக்கவாட்டுப் படியில், சுவரின் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். போய்விடவில்லை. குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆலயத்துக்குள்ளிருந்து பாட்டும், நாற்காலி இழுபடுகிற சத்தமும், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தமும் வந்தன. தாயையும் குழந்தையையும் அவை எட்டவில்லை. அக்கா அருகில் உட்கார்ந்ததும் அவள் திரும்பினாள். அழுது முடித்த முகம். ஒரு கை குழந்தையின் தலைக்கடியில் இருந்தது. மற்றொரு கையால் மட்டும் கேட்டாள்:

"ஏன்?"

அக்காவின் கைகள் பழக்கத்தில் உடனே மேலே எழுந்தன. ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அந்தக் கைகள் சும்மா இருந்ததே இல்லை. போதகர் இன்று நாற்பது நிமிடம் சொன்னது விரலில் இன்னும் சூடாக இருந்தது. அண்ணன் பின்னறையில் சொன்னதும் இருந்தது, ஆனால் அது அண்ணனுடையது. அதற்கு அவர் இருபத்தோரு வருடம் எடுத்துக்கொண்டார்.

எழுந்த கைகளை அக்கா இறக்கினார். இரண்டையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, தன் தோள் அவள் தோளில் படும்வரை நகர்ந்தார்.